நாற்பத்தொரு விநாடி

பத்து லிட்டர் வாளி நிறைய
போன சித்திரையில் இருபத்தாறு விநாடி.
இந்தச் சித்திரையில் நாற்பத்தொன்று.
கூட்டக் குறிப்பின் முதல் வரி இது.
இரண்டாம் வரிக்குள் சண்டை வந்துவிட்டது:
ஓடை எங்கே தொடங்குகிறது?

கேத்தி பள்ளத்தாக்கில்
நடுநிலைப் பள்ளியின் சத்துணவுக் கூடம்.
தரை முழுக்க சாக்பீஸால்
ஓடையை வரைந்து வைத்திருந்தாள்
கணக்கு டீச்சர் கிரேஸ்லின்.
வந்தவர்கள் செருப்பை வெளியே விட்டு
கோட்டின் மேல் கால் படாமல்
இரு கரையிலும் உட்கார்ந்தார்கள்.

"சதுப்புல இருந்துதான் வருது" என்றாள்
எருமை வைத்திருக்கும் மாதி.
எந்தச் சதுப்பு?
"இப்ப கார் நிறுத்துறாங்களே, அது."
கிரேஸ்லின் ஒரு முழம் அழித்து
விடுதியின் சிமெண்ட் தரைக்கு அடியிலிருந்து
மறுபடி இழுத்தாள்.
ஊற்றுக்குப் பட்டா இல்லை,
அதன் மேல் நிற்பதற்கெல்லாம் இருக்கிறது
என்று எழுதி, அடித்தேன்.
குறிப்பில் கருத்து கூடாது.

திட்டக் காலம் முப்பது ஆண்டு.
பேனாவை வைத்துவிட்டுக் கூட்டிப் பார்த்தேன்.
எனக்கு எழுபத்து நான்கு.
போஜனுக்குத் தொண்ணூறு தாண்டும்.
மூலையில் கேரட் கடித்துக்கொண்டிருந்த
கிரேஸ்லின் மகன்
அப்போதும் என் இன்றைய வயதுக்கு வந்திருக்க மாட்டான்.
அவனைக் கேட்காமலேயே
வருகைப் பதிவில் அவன் பெயரையும் சேர்த்தேன்.

கேரட் கழுவும் மெஷின் பேச்சு வந்ததும்
எல்லோருக்கும் சன்னலுக்கு வெளியே
ஏதோ தெரிந்தது.
மெஷின்காரர் போஜன் மட்டும்
நேராகப் பார்த்துச் சொன்னார்:
"மண்ணோட அனுப்பினா மண்டியில எவன் எடுப்பான்?
பட்டணத்துல பளபளன்னு கேக்குறான்.
பளபளப்பு அவனுக்கு, சேறு நமக்கு."
அதுவும் உண்மை. அதையும் எழுதினேன்.

"நமக்கு இல்லீங்க."
முதல் பஸ்ஸில் வந்து
அதுவரை வாய் திறக்காமலிருந்த
சென்னியப்பன் எழுந்து நின்றார்.
சிறுமுகையில் குடிதண்ணீர் ஏற்றும்
பம்ப் ஆபரேட்டர்.
"ஒரு பாட்டில்ல தண்ணி கொண்டாந்தனுங்க.
உங்க தண்ணிதான்.
கல்லாறு செக்போஸ்ட்ல
பிளாஸ்டிக் மலைக்கு ஆகாதுன்னு
புடுங்கிக் கொட்டிட்டாங்க."

கூடமே சிரித்தது. போஜனுக்குப் புரையேறியது.
சென்னியப்பனும் சிரித்துக்கொண்டே
மஞ்சப்பையிலிருந்து
நாலாய் மடித்த வடிகட்டித் துணியை எடுத்தார்.

பிரித்தபோது
கேரட் நிறமில்லை, மண் நிறமுமில்லை,
இரண்டும் சேர்ந்து காய்ந்த ஒரு பொருக்கு.
மருந்து வாடை.
அது கைமாறிப் போனது
சாக்பீஸ் ஓடையின் மேலாக,
கீழிருந்து மேலுக்கு.
போஜன் கையில்தான் வெகுநேரம் இருந்தது.
விதைக்கும் முன் மண்ணைப் பார்ப்பதுபோல்
ஓரத்தை இரு விரலில் தேய்த்துப் பார்த்தார்.
முகர்ந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
குறிப்பில் அந்த இடம் வெற்றாக இருக்கிறது.

கலெக்டர் ஆபீசுக்குப் போகும் நாற்பது பக்கத்தில்
துறைகள், நிதி, வண்டல் தொட்டிகள்,
வராமற்போன விடுதிக்காரருக்கு ஒரு கடிதம்
எல்லாம் உண்டு.
நான் நம்புவது முப்பத்தேழாம் பக்கம்:
மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஏழு மணிக்கு,
யாராவது ஒருவர்
வாளியும் கடிகாரமுமாக ஓடையில் நிற்க வேண்டும்.
பனியென்றாலும். வீட்டில் கல்யாணமென்றாலும்.

"வாளி என் ஷெட்டுல இருக்கட்டும்" என்றார் போஜன்.
"கள்ளன்கிட்டயே சாவியா" என்றது ஒரு குரல்.
யார் என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.
வாளியின் பொறுப்பு: போஜன்,
என்று மட்டும் எழுதி அவரிடம் நீட்டினேன்.
கண்ணாடியைத் தேடி எடுத்துப்
படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விளக்குமாற்றோடு சத்துணவு ஆயா வந்தாள்.
ஊற்றிலிருந்து ஆரம்பித்தாள் பெருக்க.

கடைசி பஸ்ஸுக்கு ஓடிய சென்னியப்பன்
பாதியில் திரும்பி வந்தார், மூச்சு வாங்க.
"அந்தத் துணியக் குடுத்துருங்க சார்.
ஆபீஸ் கணக்குல இருக்குது.
காலையில மாட்டணும்."