சிவப்புப் பிடி

மாகோக்கில் என் கடைக்கு வந்து
வெறுமனே திருப்புளி என்று கேட்டால்
சதுர முனைதான் எடுத்துக் கொடுப்பேன்.
வேறு வேண்டுமென்றால் பெயர் சொல்ல வேண்டும்.
பச்சைப் பிடி சின்னது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு பெரியது,
பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.
ஏரியின் தென்கரையில், நியூபோர்ட்டில்,
அதே கேள்விக்குக் கூட்டல் குறியை நீட்டுவார்கள்.

ஒரே தண்ணீர், ஒரே மீன்.
திருகாணிக்குத் தலையெழுத்து மட்டும்
கரைக்குக் கரை வேறு.

ரொசேர் இந்தக் கரை. ஆல்டன் அந்தக் கரை.
உறைந்த ஏரி மேல் இருவருக்கும் பொதுவாய் ஒரு மீன்பிடிக் குடிசை:
வடக்கே இரண்டு சுவர் ரொசேருடையது,
தெற்கே இரண்டும் கூரையும் ஆல்டனுடையது.
உள்ளே கணப்பு ஜெர்மன்காரன் செய்தது, ஆறு முனைப் பூ.
மீன் காட்டும் கருவி ஜப்பான்,
அதன் தலையிலும் கூட்டல் குறிதான்,
பக்கத்தில் ஒரு புள்ளி.
புள்ளியைக் கவனிக்காமல் ஆல்டன் தன் முனையை வைத்து அழுத்த,
குறி வழுக்கிப் பள்ளமாகி,
இன்றுவரை அதற்கு பேட்டரி மாற்ற வழியில்லை.

"நட்சத்திரத்தை எடு" என்பான் ரொசேர்.
எங்கள் பேச்சில் கூட்டல் குறிதான் நட்சத்திரம்.
ஆல்டன் ஆறு முனையை எடுத்து நீட்டுவான்.
பதினோரு குளிர்காலம்.
"உன் ஊர்த் திருகாணி பிடி கொடுக்காது" என்பான் இவன்.
"அளவு மீறித் திருகினால் நழுவிக்கொள்ளும்,
அதற்குப் பெயர் புத்தி" என்பான் அவன்.
இருவருக்குமே மரை கழன்றுவிட்டதென்று
ரொசேரின் மனைவி ஜினெட்
என் கல்லாப்பெட்டி மேல் முழங்கையூன்றிச் சொன்னாள்.

செப்டம்பரில் ஆல்டன் வந்தான்.
ஏணியிலிருந்து விழுந்து இடக்கை கழுத்தில் தொங்கியது.
தக்காளி பொறுக்குகிறவன் மாதிரிக் குனிந்து
சிவப்பு அளவு, இரண்டு அங்குலம், நானூறு.
திருப்புளி ஒன்று.
முனையில் ஒரு திருகாணியைச் செருகிக்
கிடையாக நீட்டி உதறினான்.
விழவில்லை.
மறுபடி உதறினான்.
"ஒற்றைக் கைக்காரனுக்கு..." என்று தொடங்கி
முடிக்காமல் பணத்தை வைத்தான்.
"ரொசேரிடம் சொல்லாதே."

சொல்லவில்லை. ஆறு மாதம்.
என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு என்று.

மார்ச் கடைசி ஞாயிறுக்குள் குடிசை கரையேற வேண்டும்,
வெர்மான்ட் சட்டம்.
ரொசேர் தன் சுவர்களைச் சனிக்கிழமையே பிரித்துவிட்டான்.
ஆல்டன் காய்ச்சலில் படுத்திருந்தான்.
மிச்சம் அவன் பக்கம்தானே என்று,
எல்லைக் காவலுக்கு ஒரு போன் போட்டுவிட்டு,
சட்டைப்பையில் நட்சத்திரம் மட்டும் செருகிக்கொண்டு
ரொசேர் நடந்தான்.

தார்த்தாளைக் கிழித்தால்
அடியில் எல்லாம் சதுரம்.
வரிசை கோணல், பாதி சாய்ந்து, ஒற்றைக் கை வேலை.
நட்சத்திரத்தின் நுனி உள்ளே போனது. திரும்பவில்லை.
காலணித் தடத்தில் தண்ணீர் ஊறியது.

எங்கள் ஊர் வசவெல்லாம் தேவாலயத்துப் பொருட்களின் பெயர்.
கிண்ணத்தில் ஆரம்பித்துப்
பலிபீடம் முழுவதையும் இறக்கிவைத்துவிட்டுத்தான்
என்னைக் கூப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. கடை மூடியிருந்தது. காப்பி ஆறவில்லை.
"இதை யார் விற்றது?"
"எதை?" என்றேன்.
"சிவப்பு."

பிறகு வெகுநேரம் அவன் பேசவில்லை.
காற்றுச் சத்தம். அதற்குப் பின்னால்
ஏரி எங்கோ விரிசல் விடும் சத்தம்.

"நல்ல அளவு" என்றேன்.