சூடு சுரணை

கண்ணை மூடிக்கொள்ளுங்கள், ஒதிலோன்.
நூல் பட்டதும் சீ என்று சொல்லுங்கள்
என்றாள் நர்ஸ் யெசெனியா.
எங்கள் பேச்சில் சீ என்றால் ஆம்.

தூண்டில் நரம்பு போல ஒரு நைலான்.
அது வளைகிற வரைக்கும் அழுத்துவாளாம், அவ்வளவுதான்.
வலது காலில் பத்து இடம்.
நான்கு தவறினால் கையெழுத்து இல்லை,
கையெழுத்து இல்லையென்றால் உரிமம் இல்லை,
பதினேழாம் எண் பேருந்தை
வேறு எவனோ எடுத்துக்கொண்டு போவான்,
என் இருக்கையை அவன் உயரத்துக்குத் தள்ளி.

இருபத்தாறு வருடம்.
தொர்ரியோன் வெயிலில், புழுதிக் காற்றில்,
எதிரே வருவது லாரியா வானமா என்று
தெரியாத மத்தியானங்களில்
பிரேக்கைக் கால்தான் மிதித்தது, நான் அல்ல.
யோசிக்கிற வேலையை அதனிடமே விட்டிருந்தேன்.
அது எப்போது ராஜினாமா செய்தது என்று
எனக்குச் சொல்லவில்லை.

சர்க்கரை பதினோரு வருடமாக இருக்கிறது.
வலிக்காததை நான் நோயில் சேர்த்ததில்லை.

முதலில் சுண்டுவிரல், பிறகு அதன் அண்டை வீடுகள்.
காலுறை போடாமலே போட்ட மாதிரி.
பிப்ரவரியில் ஒருநாள் டிப்போவில் ஷூவைக் கழற்றினேன்,
உள்ளிருந்து ஒரு சோடா மூடி விழுந்தது,
பல்லெல்லாம் ரத்தம்.
காலை ஐந்து மணியிலிருந்து
ஒன்பது நடை வந்திருக்கிறது என்னோடு,
டிக்கெட் வாங்காமல்.
மெக்கானிக் ரமிரோ சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஜூலையில் தண்ணீர்த் தொட்டி பார்க்க
மாடித் தகரத்தில் வெறுங்காலோடு நின்றேன்.
தோல் உரிந்தது. சுடவில்லை.
நேரம் தப்பி வந்தால் மேலாளர் கேட்பார்:
உனக்குச் சூடு சுரணை இருக்கிறதா?
இத்தனை வருடம் கழித்து
அதற்கு ஒரு நேர்மையான பதில் கிடைத்திருக்கிறது.

இப்போது காதால் ஓட்டுகிறேன்.
பிரேக் பிடித்தால் காற்று பெருமூச்சு விடும்,
சில்லறைப் பெட்டி சிணுங்கும்,
நிற்கிறவர்கள் ஒன்றாக முன்னால் சாய்ந்து
யாரையோ திட்டுவார்கள்.
சரி, கால் அங்கேதான் இருக்கிறது.

ராத்திரி வேறு கதை.
பகலெல்லாம் செத்துக் கிடந்தது
விளக்கணைத்ததும் எழுந்து உட்காரும்.
எறும்பு, மிளகாய், வெல்டிங் பொறி,
எதைச் சொன்னாலும் கொஞ்சம் பொய்.
ஒப்துலியா ஈரத்துணி கொண்டுவருவாள்.
குளிர்ச்சியாக இருக்கிறதா என்பாள்.
போட்டுவிட்டாயா என்பேன்.

யெசெனியாவின் சட்டைக் கை மொடமொடப்பானது.
அவள் குனியும்போதெல்லாம் ஒரு சரசரப்பு.
முதல் சரசரப்புக்குச் சொன்னேன்: சீ.
இரண்டாவதுக்கும். ஐந்தாவதுக்கும்.
சொன்னேனே, காதால் ஓட்டுகிறவன்.

சரசரத்தது. சீ.
சரசரத்தது. சீ.
சரசரத்தது. சீ.

அறை ரொம்ப நேரம் சும்மா இருந்தது.
கண்ணைத் திறந்தேன்.
ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள்,
என் காலிலிருந்து நான்கு எட்டுத் தள்ளி,
நைலானை எப்போதோ டப்பாவில் போட்டு மூடிவிட்டு,
தன் சட்டைக் கையைத் தானே தேய்த்துக்கொண்டு.

திட்டுவாள் என்று பார்த்தேன்.
என் மகன் பதினேழில்தான் பள்ளிக்கூடம் போகிறான் என்றாள்.
உங்களுக்குப் பின்னால் இரண்டாவது சீட்.
பச்சைப் பை.

தெரியும். பையில் ஒரு வார் அறுந்திருக்கும்.
இறங்கும்போது
கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டுவான்.

ஷூவை எடுத்து உள்ளே கைவிட்டுத் துழாவினேன்.
ஒன்றுமில்லை.
வெறும் சூடு, என் காலுடையதுதான் போலிருக்கிறது.
கைக்குத் தெரிந்தது.

எழுதிக்கொள் என்றேன்.
பத்துமே இல்லை என்றா?
கேட்டுவிட்டு
பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

சீ.