காப்பிங் பென்சில்

தொண்டர்படை மருத்துவப் பிரிவில்
எனக்குக் கொடுத்தது ஒரு பை,
பன்னிரண்டு கட்டுத்துணி,
மார்ஃபியாக் குழாய் ஆறு,
ஒரு காப்பிங் பென்சில்.
துப்பாக்கி கிடையாதா என்றேன்.
சார்ஜென்ட் சிரித்தார்:
"உனக்கு எழுதுற வேலைடா."

எழுதும் இடம் நெற்றி.
ஊசி போட்டால் எம்.
இரத்தம் நிற்க இறுக்கிக் கட்டினால் டி,
அதன் கீழே மணி.
நாக்கில் தொட்டால்தான் அந்தப் பென்சில் பிடிக்கும்.
காய்ந்த முனை தோலில் ஓடாது.

வியாழக்கிழமை விமானம் வந்தபோது
பினாங்குத் தெருவில் ஒருவரும் ஓடவில்லை.
கடைக்குள் இருந்தவர்களும் வெளியே வந்து
அண்ணாந்து எண்ணினார்கள்.
இருபத்தேழு என்றார் ஒரு கணக்கப்பிள்ளை.
இருபத்தாறுதான் என்றார் அடுத்த கடைக்காரர்.
அந்தத் தகராறு முடியவே இல்லை.

பூன் ஹாக் முன்பிடி, நான் பின்பிடி.
சூலியா தெருவுக்கும் லாரிக்கும் எத்தனை நடையோ.
கண்ணாடியும் சந்தைக் கீரையும்
காலடியில் ஒன்றாய் நெறிந்தன.
திருநீற்றைத் துடைத்துவிட்டு எழுதினேன்.
பொட்டுக்கு மேலே எழுதினேன்.
தொழுகைத் தழும்பிருந்த நெற்றியில்
அதைத் தொடாமல் ஓரமாய் எழுதினேன்.
ஒவ்வொரு நெற்றிக்கும் ஒருமுறை நாக்கு.
முதலில் உப்பு, பிறகு மண்,
பிறகு ஒன்றும் தெரியவில்லை.

கிட்டங்கிச் சுவரோரம் ஒரு பையன்.
எட்டு வயதிருக்கும். வைரமணி என்றான்.
இடதுகால், முழங்காலுக்குக் கீழே,
நான் சொல்லமாட்டேன்.
கட்டுத்துணி அதற்குள் தீர்ந்திருந்தது.
என் கைப்பட்டையைச் சிலுவையோடு அவிழ்த்து
முறுக்கித் தொடையில் கட்டினேன்.
பென்சிலை நாக்கில் வைத்தேன்.
அவன் என் வாயையே பார்த்தான்.

"அண்ணே, நாவப்பழம் தின்னீங்களா?"
"ஆமா."
"எந்த மரத்துல?"
"தண்ணிமலை போற வழியில."
"எனக்கு?"
"வரும்போது கொண்டாறேன்."

டி. பதினொன்று நாற்பது.

அரை மணிக்கொருமுறை தளர்த்தவேண்டும்.
பாடத்தில் முதல் பக்கமே அதுதான்.
லாரி அவனை ஏற்றிக்கொண்டு போனது,
எங்களை வேறு தெருவுக்கு விரட்டினார்கள்.
அரை மணி ஆனது. ஒரு மணி ஆனது.
இருட்டியபின் ஆஸ்பத்திரி வராந்தாவில்
லாந்தர் பிடித்து நெற்றி நெற்றியாகப் படித்தேன்,
என் கையெழுத்தை நானே.
பதினொன்று நாற்பது கிடைக்கவில்லை.

அடுத்த புதன் விடிந்தபோது
கேப்டன் இல்லை, சார்ஜென்ட் இல்லை.
ராத்திரியே படகேறிவிட்டார்கள்.
எங்களிடம் சொல்லவேண்டும் என்று
ஒருவருக்கும் தோன்றவில்லை.
பூன் ஹாக் சீருடையைக் கிணற்றில் போட்டான்.
நான் தேங்காய்நாரால் நாக்கைத் தேய்த்தேன்.
அதன்பின் நான்கு நாள்
சோறு ஊதாவாகத்தான் ருசித்தது.

நாற்பத்தாறில் பாக்கிச் சம்பளம் என்றார்கள்.
லைட் தெருவில் வரிசை.
குமாஸ்தா பட்டியலை என் பக்கம் திருப்பி
பென்சிலை நீட்டினார். கோடு விழவில்லை.
"நாக்குல தொட்டு எழுதுமையா."
"எழுதத் தெரியாது."

மருத்துவப் பிரிவில் நான் தேறிய சான்றிதழ்
அவர் கையில்தான் இருந்தது.
அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
மைப்பெட்டியைத் தள்ளினார்.

அந்த மையும் ஊதா.
கட்டைவிரலை வைத்து எடுத்தேன்.
எழுபத்தெட்டு வெள்ளியை எண்ணிக் கொடுத்தார்.
வாங்கும்போது, பழக்கத்தில்,
சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்.