ஏரி வந்த வழி

தோள் அறுவைக்குப் பிறகு
ஹால்வரின் வலக்கை
மார்போடு கட்டிக் கிடக்கிறது, ஆறு வாரத்துக்கு.
முப்பத்தாறு வருடம் இரும்புத்தாதுத் துறையில் நின்று
கப்பல்களுக்குச் சைகை காட்டிய கை.
மெல்ல. இன்னும். நிறுத்து.
இடக்கைக்கு ஒன்றும் தெரியாது.
எந்த வேலை தெரியாது என்று
நான் சொல்லத் தேவையில்லை.

'நான் செய்துவிடுகிறேனே' என்றேன் இரண்டாம் நாள்.
'அதற்குத் துறைமுகத்தில் குதிக்கலாம்' என்றார்.
துறைமுகம் உறைந்திருந்தது.
குதித்தால் முட்டிதான் பெயரும்.

மாரிட் மினியாபொலிஸிலிருந்து பெட்டி அனுப்பினாள்.
உள்ளே வெள்ளையாக ஒரு தட்டு,
சுருண்ட குழாய்,
பதினோரு மொழிகளில் ஒரு தாள்.
தாளில் முகமில்லாத ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான்.
அவனுக்குக் கீழே மூன்று நீலப் புள்ளிகள்.
அவ்வளவுதான் விளக்கம்.

நான்தான் பொருத்தினேன்,
தொட்டிக்குப் பின்னால் மல்லாந்து படுத்து,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
வாசற்படியில் நின்று அவர் உத்தரவு போட்டார்.
இடம் என்றபோதெல்லாம் அது வலமாக இருந்தது.
வாஷரை மறந்துவிட்டேன்.
சுவர், கண்ணாடி, துண்டுகள், என் காது
எல்லாம் நனைந்தபிறகு
வாஷர் என் சட்டைப்பையிலிருந்து கிடைத்தது.
பூனை மறுநாள்தான் கீழே இறங்கி வந்தது.

எல்லாம் சரியாக இருந்தது.
குமிழ் வலப்பக்கம் என்பதைத் தவிர.

கதவைச் சாத்திக்கொண்டு போனார்.
நான் கூடத்தில் நின்று
வேறு எதையோ மடிப்பதுபோல் துணி மடித்தேன்.
முதலில் அமைதி.
பிறகு, பின்பாக்கெட்டுப் பர்ஸைத்
தப்பான கையால் எடுக்க முயலும் ஆளின் முனகல்.
பிறகு ஓர் அலறல்.
முப்பத்தாறு வருடத் துறைமுக வாழ்க்கையில்
அவர் பயன்படுத்தியிராத சொற்கள் இரண்டு
(என்னிடம் பயன்படுத்தியிராத என்று திருத்தவேண்டும்).

ஜனவரி மாதம். டுலூத்.
எங்கள் குழாயில் வருவது நேராக ஏரி.
பனிப்பாளத்துக்குக் கீழே
வெளிச்சம் எட்டாத ஆழத்திலிருந்து புறப்பட்டு,
மேடேறி, தெருக்களுக்கு அடியில் ஊர்ந்து,
எங்கள் வீட்டுக்குள் நுழைந்து,
சுப்பீரியர் ஏரி மொத்தமும்
ஓர் ஊசித்துளை வழியாக
ஹால்வரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

'ஆர்டிஸ்' என்றார் உள்ளேயிருந்து.
நீண்ட இடைவெளி.
'கண்ணை மூடிக்கொண்டு வா.'

மூடிக்கொண்டு போனேன்.
சுவரைத் தடவி, வாஷ்பேசினைத் தடவி,
குமிழைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டேன்.
அவர் தொண்டையைச் செருமினார்.
'மெல்ல' என்றார்.
'இன்னும்.
இன்னும் கொஞ்சம்.
இல்லை, அது அதிகம். பின்னால் வா. பின்னால்.
அங்கேயே.'
ஒரு கப்பலின் நீளம் அமைதியாக இருந்தார்.
'நிறுத்து.'

நான் கண்ணைத் திறக்கவில்லை.
ஆனால் அவர் சிரிப்பது தெரிந்தது,
கட்டிய தோள் வலிக்க வலிக்க,
ஐயோ வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே.
குமிழைப் பிடித்தபடி நானும்.
அறுவைக்கு முன்பு, அதற்கும் முன்பு,
கடைசியாக எப்போது இப்படி என்று
யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு
யாருக்கும் தெரியாமல் நானும் உட்கார்ந்து பார்த்தேன்.
அதைப் பற்றி எழுதுவதாக இல்லை.
பாத்திரத்தைக் கழுவுகிறோம், காரைக் கழுவுகிறோம்,
நாயைக்கூடக் கழுவுகிறோம்
என்று மட்டும் தோன்றியது.

மார்ச்சில் கட்டைப் பிரித்தார்கள்.
ஏரியில் முதல் கப்பலுக்கு வழி வெட்டினார்கள்.
இப்போது அவர் தனியாகத்தான் போகிறார்,
கதவைத் தாழிட்டுக்கொண்டு.
நான் கூடத்தைக் கடந்து போகையில்
தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே கேட்கிறது,
யாருக்கோ சொல்வதுபோல், தாழ்ந்த குரலில்:
மெல்ல.
இன்னும் கொஞ்சம்.