ஓடாத வண்டியின் பாக்கி

டாட்ஸன் எழுநூறு டாலர்.
அதன் பாக்கி ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.

பேக்கர்ஸ்ஃபீல்டில், பதினோராம் கவுண்டரில்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி டிரின் கேட்டாள்:
"ஓடவில்லை என்று எழுதித் தந்திருக்கலாமே?
வருஷத்துக்கு ஒரு தாள்.
இவ்வளவு ஏறியிருக்காது."

நான் ஒஃபேலியாவைப் பார்த்தேன்.
அவள் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள்.

ஜனவரி தவறாமல் தாள் வருமாம்.
கார்பரேட்டர் துடைக்க எடுத்துக்கொள்வாராம் லாசரோ.
"இந்த வருஷம் ஓடிவிடும்.
என்னைப் பொய் எழுதச் சொல்கிறாயா?"

அவர் போன பிறகும்
அவள் எழுதவில்லை.

டயர் நான்கும் மண்ணுக்குள் இறங்கி
ரேடியேட்டரில் குளவி கூடு கட்டி
வண்டி நின்ற இடத்தில் நிற்க,
அபராதம் மட்டும்
ஒரு நாளும் பழுதாகாமல் ஓடியிருக்கிறது.

இருநூறு குறைத்துக்கொள் என்றாள்.
ஐந்நூறு குறைக்கச் சொல்லத்தான் வந்திருந்தேன்.
வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டுத்
தலையாட்டினேன்.

டிரின் பேனாவைத் திறந்தாள்.
"இந்த வருஷம் எந்தக் கட்டத்தில் குறியிட?
ஓடுமா, ஓடாதா?"

இன்ஜின்
ஒஃபேலியாவின் கொட்டகையில்
மூன்று வாளிகளில் கிடக்கிறது.

"ஓடும்" என்றேன்.