குறை எண்

ஞாயிறு இரவு. சிலோயே தீவு.
தகரக் கூரைமேல் மழை, வழக்கம்போல் யாரையும் கேட்காமல்.
சமையல் மேசையில் மடிக்கணினி,
சுரைக்குடுவையில் ஆறிப்போன மாத்தே.

'குறை எண்கள். ஒரு பாடம் வேண்டும்' என்றேன்.
தந்தது.
நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் தந்தது:
தரைக்குக் கீழே இரண்டு தளம் இறங்கும் லிஃப்ட்,
பனியில் உறைந்த வெப்பமானி,
வங்கிக்குக் கடன்பட்ட யாரோ ஒரு திருவாளர்.

எங்கள் ஊரில் மாடி என்றால் பள்ளிக்கூடத்து மாடி ஒன்றுதான்.
அதற்கும் படிக்கட்டு; நான்காம் படி உடைசல்.
லிஃப்டைப் பிள்ளைகள் டிவி தொடரில் பார்த்திருக்கிறார்கள்,
உள்ளே மாட்டிக்கொண்டால் காதல் வரும்
என்ற அளவுக்குத் தெரியும்.

பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தார்கள்,
'நீ இருபது ஆண்டு அனுபவமுள்ள கணித ஆசிரியர்'
என்று தொடங்கினால் அது நிமிர்ந்து உட்காருமாம்.
தட்டினேன். பார்த்தேன். அழித்தேன்.
அந்த இருபது ஆண்டு இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது,
முதுகுவலியோடு,
எப்படிக் கேட்பதென்று தெரியாமல்.

சரி, இப்படி:
பதினொரு பேர். வயது பதினொன்று, ஒருத்திக்கு மட்டும் பதின்மூன்று.
கடலோரம். மட்டி தோண்டிப் பழகிய கைகள்.
பத்து நிமிடம் தொடர்ந்து பேசினால்
ஜன்னலுக்குப் போய்விடும் கண்கள்.
விடையைச் சொல்லாதே, கேள்வியாய்க் கேள்.
லிஃப்ட் வேண்டாம். பனி வேண்டாம்.
கடன் வேண்டாம், ஏனென்றால்

விரல் அங்கே நின்றது.
யெரேமியின் அப்பா படகைப் போன மாதம்
வந்து இழுத்துப் போனார்கள்.
வங்கி அனுப்பிய தாளை அவன் நாலாய் மடித்துக்
கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறான்.
இதனிடம் எதற்கு அது?
'ஏனென்றால்' என்ற சொல்லை
வாலிலிருந்து எழுத்தெழுத்தாய்த் தின்றேன்.
கடன் வேண்டாம். முற்றுப்புள்ளி.
ஏன் என்று அது கேட்கவில்லை.
மனிதர்கள் கேட்டிருப்பார்கள்.

'ஓதத்தை வைத்துச் சொல்', கடைசி வரி.

திங்கள். கரும்பலகையில் ஓத அட்டவணை.
ஐந்தே முக்கால் மீட்டர். அரை மீட்டர்.
பிறகு, சிறு கோடு முன்னே நிற்க, −0.2.
அது எழுதித் தந்ததை அப்படியே வாசித்தேன்:
'பூஜ்ஜியத்தைத் தொடும்போது கடலில் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது.
அதற்கும் கீழே போனால் என்ன மிஞ்சும்?'

வகுப்பு சிரித்தது.
பெஞ்சைத் தட்டிச் சிரித்தது.
நான் முழித்தேன். கடலுக்கு எதிரே இருபது ஆண்டு,
ராத்திரி படித்தபோது எனக்கு உறைக்கவில்லை.

தனிட்ஸா எழுந்தாள். அந்தப் பதின்மூன்று வயதுக்காரி,
மார்ச்சில் பள்ளி திறந்ததிலிருந்து
'உள்ளேன்' தவிர வேறு சொல் உதிர்க்காதவள்.
'தீராது டீச்சர்.
குறையில போற அன்னைக்குத்தான் அம்மாவுக்கு நல்ல பாடு.
பெரிய மட்டியெல்லாம் பூஜ்ஜியத்துக்குக் கீழதான் கெடக்கும்.
பூஜ்ஜியம் கடலோட அடி இல்ல.
யாரோ போட்டுவச்ச கோடு.'

'யாரு போட்டது?' என்றான் யெரேமி.
தெரியவில்லை யாருக்கும்.
கடற்படை என்றான் ஒருவன், கடவுள் என்றாள் ஒருத்தி,
மணி அடித்தும் சண்டை ஓயவில்லை.
யெரேமி மட்டும் நோட்டைத் திறந்து
பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்தான்.
மேலே ஒன்றுமில்லை. கீழே எழுதத் தொடங்கினான்.
எட்டிப் பார்க்கவில்லை நான்.

இன்றும் மழை. மாத்தே இன்னும் சுடுகிறது.
அடுத்த பாடம்: குறையைக் குறையால் பெருக்கினால் நிறை.
ஏன் என்று நானே இன்றுவரை
யாருக்கும் ஒழுங்காய்ச் சொன்னதில்லை.
தட்டுகிறேன்:

அதே பதினொரு பேர். அதே கடல்.
கேள்வியாய்க் கேள்.
ஒரே ஒரு பிழை வை.
எங்கே என்று என்னிடமும் சொல்லாதே.