கையை எடு

தார்த்துவில் ஜனவரி. நாலு மணிக்கே இருட்டிவிடும்.
பகல் முழுக்க அஞ்சலகத்தில் பொட்டலம் நிறுக்கிறேன்.
இருபது கிராம் கூடினாலும் அடுத்த கட்டணம்தான்.
முறைத்துக்கொண்டே தருவார்கள்.
இரவில் ஆட்களை நிறுக்கிறேன்.

சம்பளமில்லாத வேலை.
எங்கள் சைக்கிள் பந்தயத்தில் யாரும் எங்கும் போவதில்லை.
அவரவர் வீட்டில், பின்சக்கரம் கழற்றிய வண்டியில்,
மின்விசிறிக்கு எதிரே உட்கார்ந்து மிதிக்கிறோம்.
திரையில் ஒரு மலை. மலையில் நம் பொம்மை.
மிதிக்கிற வாட்டை உடம்பின் எடையால் வகுத்துப்
பொம்மையை மேலே ஏற்றுகிறது கணினி.
வகுக்கும் எண்ணை மட்டும்
நாமே எழுதித் தரலாம்.

நாலு கிலோ குறைத்து எழுதினால்
மலை நாலு கிலோ குனிந்து கொடுக்கும்.

அதனால்தான் வீடியோ கேட்கிறோம்.
முதலில் பத்துக் கிலோ இரும்பை வைத்துக் காட்டு,
பிறகு நீ ஏறு, எங்கும் வெட்டக் கூடாது.
எத்தனை குளியலறை பார்த்துவிட்டேன்!
விரிந்த ஓடு, ஈரத் துண்டு, குறுக்கே போகும் பூனை.
லெய்டன் நகரத்து வக்கீல் ஒருவர்
உள்ளாடையோடு, தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல
விறைத்து நிற்பார்.
கம்பளத்தின் மேல் வைத்தால் முள் ஏமாறும் என்பது
எல்லா நாட்டுக்கும் எப்படித்தான் தெரிந்ததோ.

நேற்று, பார்னுவிலிருந்து உர்மாஸ்.
அறுபத்து மூன்று புள்ளி இரண்டு.
இரும்பு சரி. தரை சரி.
மூன்று தடவை பார்த்தேன், குறை இல்லை.
நாலாவது தடவை ஒலியைத் திறந்தேன்.
போனைப் பிடித்திருந்த பிள்ளை,
ஆறு வயது இருக்கலாம்,
உதவுகிற குரலில் சொல்கிறாள்:
"அப்பா, கையை எடு."
எஸ்தோனியத்தில் அது இரண்டே சொல்.

துணி துவைக்கும் இயந்திரத்தின் விளிம்பில்
ஒரே ஒரு கட்டைவிரல்.
சாய்ந்திருக்கவில்லை.
பழகிய நாயைத் தொடுவதுபோலத்
தொட்டுக்கொண்டிருந்தது.

காரணம் என்ற கட்டத்தில்
மோசடி என்று அடித்தேன். அழித்தேன்.

என் பெயருக்கு எதிரே ஐம்பத்தெட்டு என்று இருக்கிறது.
இரண்டு குளிர்காலத்துக்கு முன்,
காய்ச்சலில் கிடந்து எழுந்த வாரம் எழுதியது.
பொய் இல்லை. அன்றைக்கு அதுதான்.
அதன்பிறகு நிறுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவே.
முழங்காலுக்கு மேல் கால்சட்டை இறுகியது தெரியும்.
துவைத்ததில் சுருங்கியது என்று வைத்துக்கொண்டேன்.
ஊரையெல்லாம் எடைபோடுகிறவளை
எடைபோட ஆளில்லை.

காலையில் கதவு திறக்குமுன்
பொட்டல மேடையில் ஏறி நின்றேன், பூட்ஸைக் கழற்றிவிட்டு.
அறுபத்திரண்டு கிலோ நானூறு.
கீழே சிவப்பில்: அளவு மீறியது, அனுப்ப இயலாது.
பனி உதறியபடி உள்ளே வந்த லேலோ
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"யாருக்கு அனுப்பறே?" என்றாள்.

உர்மாஸுக்கு இரண்டு வரி எழுதினேன்.
ஒலி தெளிவாக இருக்கிறது.
மறுபடி அனுப்புங்கள்.

அனுப்பினான். துப்பாக்கிக்கு முன் நிற்பவன்போல
இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு.
பிள்ளை எண்ணை வாசிக்கிறாள்,
பள்ளியில் படித்ததை ஒப்பிக்கும் பெருமையோடு:
ஆறு, ஆறு, புள்ளி, ஒன்பது.

வியாழக்கிழமைப் பந்தயம்.
அதே மலை. ஆறாவது வளைவிலேயே
முன்னணிக் கூட்டம் கண்ணுக்குத் தப்பிவிட்டது.
அதில் எத்தனை பேர் எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார்களோ,
இன்று அது என் வேலை இல்லை.
வியர்வை மூக்கின் நுனியிலிருந்து
கீழே விரித்த பழைய போர்வையில் சொட்டுகிறது.
வாலில் இரண்டு பொம்மை, அவனும் நானும்.
திரையின் ஓரத்தில் அவன் அனுப்பிய ஒரு வரி:
மலை வளர்ந்துவிட்டது.

ஆமாம் என்று எழுத நினைத்தேன்.
கைப்பிடியிலிருந்து
கையை எடுக்க முடியவில்லை.